கொல்லை வாசலில் நிற்பவளுக்கும் ஒரு நாவல் உண்டு: பெண்களின் கதைகளை வாசிக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுகிறோம். ஒரு பள்ளி ஆசிரியை, வீட்டிலேயே தையல் வேலை செய்யும் ஒரு அக்கா, வங்கியில் ஓய்வு பெற்ற ஒருவர், கல்லூரி மாணவிகள் இரண்டு பேர், அவ்வப்போது யாராவது ஒருவருடைய கணவர். நாங்கள் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் தமிழ் நாவல்களும் சிறுகதைகளும். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதி வைத்தது இது.

கல்லூரி முடித்த பிறகு நான் நாவலே தொட்டதில்லை. எதில் தொடங்குவது?

ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'. 1964இல் வந்தது. சின்னப் புத்தகம்தான், இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம். கன்னியாகுமரிப் பக்கம் பனைவிளை என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் செல்வாக்காக இருந்து, இப்போது பேர் மட்டும் மிஞ்சி நிற்கும் ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண் லிஸி. அவள் பெரிய பெண் ஆனதும் பள்ளிக்கூடம் நின்றுபோகிறது. அதற்காக யாரும் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. அந்த வீட்டுப் பெண்கள் அப்படித்தான் இருப்பார்கள், அவ்வளவுதான்.

பனையேறி அன்பையனின் மகன் தங்கராஜ் மேல் லிஸிக்கு மனம் போகிறது. இரண்டு குடும்பமும் ஒரே சாதி, மதமும் ஒன்றே, கிறிஸ்தவம்தான். ஆனால் பனை வைத்திருப்பவர்களுக்கும் பனை ஏறுகிறவர்களுக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருக்கிறது. 'ஒரே சாதிதானே, அப்புறம் என்ன பிரச்சினை' என்று கேட்டவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருந்தார்கள். இந்த நாவலைப் படித்த பிறகு அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டிய பெண், வெயிலில் வேலைக்குப் போக வேண்டிய பெண் என்ற பிரிவினைக்குக் காசு எப்படிக் காரணமாகிறது என்பதை லிஸியின் வீடு மெதுவாகக் காட்டிவிடும். முடிவை நான் சொல்லப்போவதில்லை.

ஒரு நாவலை முடித்ததும் 'இதோடு அதையும் சேர்த்துப் படி' என்கிறீர்களே, ஏன்?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன். நாங்கள் சேர்ந்து வாசிப்பதற்குக் காரணமே இதுதான்.

என் பாட்டி வீட்டுக்கு வாரம் ஒரு முறை துணி வெளுக்கிற அம்மா வருவார். கொல்லை வாசலில் மூட்டையை இறக்கி வைப்பார். படி ஏற மாட்டார். வெளுத்த துணி ஒவ்வொன்றின் ஓரத்திலும் சேங்கொட்டையால் போட்ட குறி இருக்கும். எங்கள் வீட்டுக்கு இரண்டு புள்ளியும் ஒரு கோடும். ஊரில் எந்தத் துணியை எடுத்து நீட்டினாலும் குறியைப் பார்த்து இது இன்னார் வீடு என்று சொல்லிவிடுவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று எங்கள் வீட்டில் பேசிக்கொள்வார்கள். அவருக்குத் தண்ணீர் கொடுக்கத் தனிச் செம்பு ஒன்று கொல்லை மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும். பாட்டி இறந்து பல வருஷம் கழித்து அந்த அம்மாவின் பெயர் என்ன என்று என் அம்மாவிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. சித்திக்குத் தெரியவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டுத் துணியைச் சுமந்தவர்.

பெரிய வீட்டுப் பெண்களைப் பற்றிய எத்தனையோ கதைகளில் அவரைப் போன்ற ஒருவர் ஒரு வரியில் வந்து துணியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்தக் கதைகளில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம். அந்த வீட்டுப் பெண்ணின் துக்கமும் உண்மையான துக்கம்தான். ஆனால் துணி வாங்கிக்கொண்டு போனவள் எங்கே போனாள் என்று தெரிய வேண்டுமானால் இன்னொரு புத்தகத்தை எடுக்க வேண்டும். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' அப்படி ஒரு புத்தகம், 1994இல் வந்தது. அதில் ஆரோக்கியம் என்பவள்தான் நடுநாயகம். துணி வெளுக்கிறாள், பிள்ளைப்பேற்றுக்குப் போய் நிற்கிறாள், சாவு வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்கிறாள், அறுவடைக் களத்தில் நெல்லுக்காகக் காத்திருக்கிறாள். பொழுது சாய்ந்ததும் வீடு வீடாகப் போய் ராச்சோறு வாங்கி வருகிறாள். ஒவ்வொரு வாசலிலும் அவள் குரல் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். சோற்றுக்காகக் கெஞ்சும் அதே குரலில் அந்த ஊர்மேல் ஓர் உரிமையும் இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். ஆரோக்கியம் வெளுப்பது ஆதிக்கச் சாதி வீடுகளுக்கு அல்ல, தலித் மக்களுக்கு. எங்கள் வீட்டுக்கு வந்த அம்மாவும் ஆரோக்கியமும் ஒரே படியில் நிற்கிறவர்கள் இல்லை. இதைக் கவனிக்காமல் 'பாவம், வண்ணாத்தி' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் நாவல் சொல்ல வந்ததே போய்விடும். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் மேல் கீழ் இருக்கிறது என்று எழுதியதற்காகவே இந்த நாவலுக்கு அந்தக் காலத்தில் கடுமையான எதிர்ப்பும் வந்தது.

அதனால்தான் இரண்டு இரண்டாகப் படிக்கச் சொல்கிறோம். ஒரு கதையில் கொல்லை வாசலில் நின்றுவிட்டுப் போகிறவள் இன்னொரு கதையில் வீட்டுக்காரியாக இருப்பாள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் முதல் கதைக்குத் திரும்பிப் போய் அந்த ஒரு வரியை மறுபடி தேடத் தோன்றும்.

சாதி, வர்க்கம் என்று பார்த்துக்கொண்டே படித்தால் கதையை அனுபவிக்க முடியுமா?

அப்படிப் பார்க்கத் தனியாகக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டாம். கதையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சோறு யார் வடிக்கிறார், மிச்சத்தை யார் தின்கிறார், எந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது என்று பார்த்தாலே போதும்.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜஸ்தானில் ஒரு பெரிய வீடு. அறைக்குப் பின் அறையாக நீண்டு, கடைசியில் ஏதோ ஞாபகம் வந்து ஒட்டவைத்தது போலச் சமையலறை. குழாய்க்குக் கீழே இருக்கும் தொட்டி மிகச் சிறியது. குழாயைத் திறந்தால் சற்று நேரத்தில் காலடியில் தண்ணீர் தேங்கும். அதில் நின்று நின்று பாதம் வெடிக்கும். ஜன்னலுக்கு வெளியே பச்சை மலை. மருமகளாக வந்த மீனாட்சி, இதைக் கொஞ்சம் வசதி செய்தால் என்ன என்று மாமனாரிடம் கேட்கிறாள். இரண்டு நாள் கழித்துச் சமையலறைக்கு வெளியே நைலான் கயிறு கட்டப்படுகிறது. ஈரத் துணிகள் தொங்கி மலையை மறைத்துவிடுகின்றன. யாரும் அவளைத் திட்டவில்லை. கயிறு கட்டினார்கள், அவ்வளவுதான். தமிழில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

இதைப் பேசியபோது தையல் வேலை செய்யும் அக்கா கேட்ட கேள்வியை இங்கே சொல்லியாக வேண்டும். "அந்தத் தேங்கின தண்ணியைத் தினமும் தள்ளி விட்டது யாரு?" அவர் பத்து வருஷம் இரண்டு வீடுகளில் வேலை செய்தவர். நாங்கள் எல்லோரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் தரையைப் பார்த்தார்.

அம்பையின் இன்னொரு கதையான 'வெளிப்பாடு' சுட்ட தோசைகளுக்குக் கணக்குப் போடும். நாளைக்கு 20 தோசை, நாற்பது வருஷம், ஆக 2,92,000 தோசை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வீட்டில் ஆளுக்கொரு கணக்கு போட்டுக்கொண்டு வந்தார்கள். குடம் தண்ணீர், தைத்த ஜாக்கெட், திருத்திய விடைத்தாள்.

வட்டார வழக்கு புரியவில்லை. பத்துப் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டேன்.

வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்கு அந்நியமாகத் தெரிகிற சொல் காதில் விழுந்ததும் பாதி புரிந்துவிடும். மீதிக்கு நின்று அகராதி தேட வேண்டாம், போய்க்கொண்டே இருங்கள். இருபது முப்பது பக்கத்தில் அந்த ஊர்ப் பேச்சு பழகிவிடும். தலித் தெருப் பெண்களின் பேச்சிலேயே 'சங்கதி' நாவலை எழுதிய பாமாவின் மொழியை முதலில் 'பிழையான தமிழ்' என்று சொன்ன எங்கள் ஆசிரியை, பாதி நாவலுக்கு அப்புறம் பிழை பார்ப்பதை விட்டுவிட்டார். புத்தகத் தமிழில் எழுதியிருந்தால் அந்தப் பெண்களின் கோபம் இவ்வளவு சூடாக வந்திருக்காது என்று அவரே சொன்னார்.

எல்லாமே அழுகையாக இருக்கிறதே. வேலை முடித்துவிட்டு வந்து இதைப் படிக்கத் தெம்பில்லை.

புரிகிறது. அப்படியானால் பாமாவின் 'சங்கதி'யை எடுங்கள். 1994இல் வந்தது. அதில் கதாநாயகி என்று ஒருத்தி இல்லை. ஒரு தலித் தெருவின் பெண்கள் எல்லோரும் வருகிறார்கள். அடி வாங்குகிறார்கள், உண்மை. காட்டில் விறகு பொறுக்கப் போன மாரியம்மா என்ற பெண் தன்மேல் கை வைக்க வந்த நிலக்காரரிடமிருந்து தப்பித்து ஓடி வருகிறாள். அவர் முந்திக்கொண்டு அவள்மேல் பழி போடுகிறார். ஊர்ப் பஞ்சாயத்து அவளுக்கே அபராதம் போடுகிறது, அவளோடு சேர்த்துப் பழி சொல்லப்பட்ட பையனைவிட அதிகமாக. இதைப் படிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஆனால் அதே தெருவில் பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கிறார்கள், குலவை போடுகிறார்கள், குளிக்கும் இடத்திலும் களை எடுக்கும் இடத்திலும் பாட்டுக் கட்டிப் பாடுகிறார்கள், புருஷனை நடுத்தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள். எங்கள் மாணவி ஒருத்தி பேருந்தில் படித்துச் சத்தமாகச் சிரித்து, பக்கத்துச் சீட்டுக்காரர் என்ன புத்தகம் என்று கேட்டாராம். நடுத்தர வீட்டுப் பெண்ணுக்கு இல்லாத ஒரு சுதந்திரம் அந்தத் தெருப் பெண்ணுக்கு இருக்கிறது, அவளுக்கு இல்லாத ஒரு பாதுகாப்பு இவளுக்கு இருக்கிறது. பாமாவே இதைப் பேசுகிறார். அதற்காகத் தெருப் பெண்ணின் வாழ்க்கையே மேல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பாமா அப்படி எங்கேயும் சொல்லவில்லை.

மாதம் ஒன்று போதும். அடுக்கிப் படிக்காதீர்கள்.

ஆண்கள் எழுதியதையும் சேர்க்கிறீர்களே?

சேர்க்கிறோம். ஆரோக்கியத்தை எழுதியவர் ஓர் ஆண்தான். ஆனால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டே படிப்போம். இந்தப் பெண்ணை எழுத்தாளர் எங்கே நின்று பார்க்கிறார்?

ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது வாசகர்களிடையே பெரிய சண்டையே நடந்தது. கல்லூரியில் படிக்கும் ஏழைப் பிராமணப் பெண், மழை, பேருந்து நிறுத்தம், பெரிய கார். காரில் ஏற்றிக்கொண்டவன் அவளைத் தன் இச்சைக்கு ஆளாக்கிவிடுகிறான். வீட்டுக்கு வந்து சொன்ன மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் அந்த விஷயத்தை அங்கேயே முடிக்கிறாள். அப்படி முடித்திருக்கக் கூடாது என்றார்கள் பலர். அந்தத் தாய் வாயை மூடாமல் கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலாக எழுதினார். 1972க்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. சிறுகதையையும் நாவலையும் ஒரே வாரத்தில் படியுங்கள். கார் வைத்திருப்பவனுக்கு அந்த மாலை ஒரு மாலை மட்டும்தான், பேருந்துக்கு நின்றவளுக்கு ஆயுசு முழுக்க. எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்தத் தண்ணீரைக் கொட்டிக் கழுவ வேண்டிய அழுக்கு அவள்மேல் இருந்தது என்று கதையும் ஒத்துக்கொள்கிறது போலப் படுகிறது. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் இதை ஏற்கவில்லை.

அந்த வாழ்க்கையை வாழாதவர் எழுதினால் அது சரியாக இருக்குமா?

இதற்கு உப்பை வைத்துப் பதில் சொல்லலாம். ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர், உப்பளத்தில் வேலை செய்தவர் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் போய், அங்கே உழைப்பவர்களைப் பார்த்துப் பேசி, 1979இல் 'கரிப்பு மணிகள்' எழுதினார். பொன்னாச்சி என்ற பெண்ணும் அவள் தம்பி பச்சையும் அளத்து வேலைக்கு வருகிறார்கள். உப்பு அறுக்கும் பாதம், வெள்ளை வெயிலில் கூசும் கண், குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல் போகும் பகல், இதோடு பெண்ணைத் தனியாகப் பார்த்தால் கங்காணி பேசும் பேச்சு. வீட்டுச் சமையலறையில் ஜாடியில் இருக்கும் உப்பை அப்புறம் சாதாரணமாக எடுக்க முடியவில்லை என்று ஓய்வு பெற்ற வங்கிக்காரர் சொன்னார்.

இதற்கு ஜோடியாக சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்'. 2002இல் வந்தது. வேதாரண்யம் பக்கம், சுந்தராம்பாள், அவளுடைய மூன்று பெண்கள், கப்பலேறிப் போன புருஷன். அந்த மண்ணில் வளர்ந்தவர் எழுதியது. ராஜம் கிருஷ்ணனிடம் கூலி, சங்கம், உரிமை எல்லாம் தெளிவாகப் பேசப்படும். சில இடங்களில் பாத்திரங்கள் மேடையில் நின்று பேசுவது போலவும் இருக்கும். தமிழ்ச்செல்வி எதையும் விளக்க மாட்டார். பசி வந்தால் பிள்ளைகள் காட்டில் எதைப் பறித்துத் தின்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

வெளியிலிருந்து போனவர் கேட்டு அறிந்ததும் உள்ளே இருந்தவருக்குக் கேட்காமலே தெரிந்ததும் இரண்டும் வேண்டும். யாரோ ஒருவர் முதலில் போய்ப் பார்த்து எழுதியது நல்லதுதான். ஆனால் உள்ளே இருப்பவர்கள் எழுத வந்த பிறகும் வெளியில் இருப்பவர் எழுதியதை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் அது நம் சோம்பல்.

மலையகத் தோட்டங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போன தமிழர்களின் நாவல். எங்கள் நூலகத்தில் இருப்பது ஒரே பிரதி, வரிசையில் நிற்கிறோம்.

லக்ஷ்மி, ரமணிசந்திரன் எல்லாம் இதில் சேர மாட்டார்களா? என் அம்மா அவர்களைத்தான் படிப்பார்.

தாராளமாகச் சேருவார்கள். அம்மா படித்ததைக் குறைவாகப் பேசிப் பெரிய இலக்கியத்துக்கு வழி போட வேண்டியதில்லை. லக்ஷ்மி என்ற திரிபுரசுந்தரி ஒரு டாக்டர். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். வேலைக்குப் போகும் பெண், மாமியார் வீடு, கௌரவமாக வாழ ஆசைப்படும் மனசு, இவற்றை லட்சக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டுபோனவர்கள் இவர்கள்.

இன்னும் பின்னால் போனால் வை. மு. கோதைநாயகி. ஐந்தரை வயதில் கல்யாணம். முதல் நாடகத்தைத் தானே எழுதும் அளவுக்கு எழுத்துப் பழக்கம் இல்லாததால் வாயால் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். அந்தக் கோதைநாயகி 115 நாவல் எழுதினார், 1925இலிருந்து 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார். பட்டம்மாளைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பேன். எழுத்து தெரிந்த பக்கத்து வீட்டுத் தோழி.

அதே காலத்தில், 1936இல், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 'தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்' எழுதினார். தேவதாசி முறைக்குள் தள்ளப்பட்டு, அதிலிருந்து வெளியேறி, அதற்கு எதிராக ஊர் ஊராகப் பேசியவர். சென்னை மாகாணத்தில் அந்த முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1947இல். நாவலாகப் பார்த்தால் பிரச்சார வாசனை தூக்கலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். உள்ளே இருந்தவர் சொல்லும் விவரம் வேறு எங்கேயும் கிடைக்காது.

'இரண்டாம் ஜாமங்களின் கதை' மாதிரி நாவலைப் படித்தால் முஸ்லிம்களைப் பற்றித் தப்பான எண்ணம் வராதா?

இதை எங்கள் கூட்டத்தில் கேட்டவர் ஒரு முஸ்லிம் தோழி. அவர் கவலை நியாயமானது. ஒரு நாவலைப் படித்துவிட்டு 'ஓஹோ, இவர்கள் வீட்டில் இப்படித்தான்' என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

சல்மாவின் இந்த நாவல் 2004இல் வந்தது. பெரிய பெண் ஆனதும் தன் பள்ளிப்படிப்பு நின்றுபோனதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நாவலில் ராபியா என்ற சிறுமியின் கண் வழியாகப் பாதி ஊரைப் பார்க்கிறோம். பெண்கள் கூடினால் கூச்சமில்லாமல் எல்லாம் பேசுகிறார்கள். புருஷன் வேண்டாம் என்று திரும்பி வந்த பிர்தவ்ஸ் வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறாள். அங்கேயும் காசுள்ள வீடு, இல்லாத வீடு என்று உண்டு. ஏழைப் பெண் ஒருத்தி ஊரைவிட்டுப் போனதும் தண்டனை அவள் தாய் நூரம்மாவின் தலையில் வந்து விழுகிறது. பெரிய வீட்டு ஆண் செய்வது ஊருக்கே தெரிந்தும் ஜமாஅத்துக்குப் போவதில்லை.

நாங்கள் இதை 'புத்தம் வீடு' படித்த அடுத்த மாதம் வைத்தோம். வயதுக்கு வந்ததும் படிப்பு நின்ற கிறிஸ்தவப் பெண், வயதுக்கு வந்ததும் படிப்பு நின்ற முஸ்லிம் பெண். உடனே வங்கிக்காரர் தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். இந்துக் குடும்பம், எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள், கணக்கில் வகுப்பிலேயே முதல். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. கேள்வி கேட்ட தோழி அன்றைக்கு வேறு எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் தன் தங்கையையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

இதெல்லாம் உண்மையில் நடந்ததா, கற்பனையா?

இரண்டும் கலந்துதான் இருக்கும். எழுதியவர்கள் அதற்குக் கொடுத்த விலை மட்டும் உண்மை. பாமாவின் தன்வரலாறான 'கருக்கு' 1992இல் வந்ததும் ஊரில் கோபம் கிளம்பி, சில மாதம் அவர் ஊருக்குள் போக முடியாமல் இருந்தது.

இன்னொரு விதமாகவும் இதை யோசிக்க வைத்தவர் ப. சிவகாமி. 1989இல் 'பழையன கழிதலும்' எழுதினார். காத்தமுத்து என்ற தலித் தலைவர், அவருடைய வீட்டுப் பெண்கள், படிக்கும் மகள் கௌரி. சில வருஷம் கழித்து 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு நூல் எழுதி, முதல் நாவலில் தான் யாருக்கு நியாயம் செய்தேன், யாரை விட்டுவிட்டேன் என்று தன் எழுத்தையே கூண்டில் ஏற்றினார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் 'உண்மையா' என்ற கேள்விக்குப் பதிலாக, யார் சொன்ன உண்மை என்று கேட்கத் தோன்றும்.

மகளுக்கு 14 வயது. எதைக் கொடுக்கலாம்?

அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்'. சிறுகதைதான். முதல் மாதவிலக்கு வந்த சிறுமி, ஊருக்குப் போயிருக்கும் அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள். அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும். அம்மா வருகிறாள், கறுப்பு நிறத்தைச் சொல்லி உறவுக்காரப் பெண்ணை வேண்டாம் என்றுவிட்ட மாப்பிள்ளை வீட்டின் அவமானத்தைச் சுமந்துகொண்டு. அந்த எரிச்சலில், இதற்கென்ன இப்போது அவசரம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்துவிடுகிறது. தலைப்பில் இருக்கும் கொலை அதுதான்.

மகளிடம் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒரு முறை படித்துவிடுங்கள். முடித்ததும் பாடம் நடத்த வேண்டாம். அவளாகப் பேசும்வரை சும்மா இருந்தால் போதும். 'கோவேறு கழுதைகள்', சல்மாவின் நாவல் இரண்டையும் இன்னும் இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கொடுக்கலாம். வன்முறையும் உடலும் அவற்றில் நேரடியாக வரும்.

பேசும்போது சாதியைத் தொட்டால் மனஸ்தாபம் வருகிறதே?

வரும். எங்களுக்கும் வந்தது, ஒருவர் நின்றே போனார். இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். 'அவர்கள் அப்படி' என்று தொடங்கும் வாக்கியம் கூடாது. 'எங்கள் வீட்டில்' என்று தொடங்கலாம். சேங்கொட்டைக் குறியையும் தனிச் செம்பையும் நான் முதலில் சொன்னது அப்படித்தான். சொல்லி முடித்ததும் யாரும் என்னைத் தேற்றவில்லை. தேற்றாமல் விட்டது நல்லதுக்குத்தான்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? எல்லாவற்றையும் வாங்க முடியாது.

ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009இல் நாட்டுடைமை ஆகிவிட்டன. விக்கிமூலத்தில் இலவசமாகப் படிக்கலாம், 'கரிப்பு மணிகள்' உட்பட. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடிப் பாருங்கள். 'புத்தம் வீடு', சல்மா, அம்பை ஆகியவை காலச்சுவடு பதிப்பில் கிடைக்கும். கிளை நூலகத்தில் இல்லையென்றால் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள்.

என் அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. வாசித்துக் காட்டலாமா?

கட்டாயம். ஒரு நேரத்துக்கு அரை மணி, அதற்கு மேல் வேண்டாம். நான் என் அம்மாவுக்கு 'கரிப்பு மணிகள்' வாசிக்கிறேன். ஓர் அத்தியாயம் நான்கு நாள் ஆகிறது, ஏனென்றால் இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை அம்மா நிறுத்தி, தனக்குத் தெரிந்த யாரையாவது சொல்லத் தொடங்கிவிடுகிறார். முதலில் அவசரப்படுத்தினேன். இப்போது பென்சிலை வைத்துக்கொண்டு உட்காருகிறேன், அவர் சொல்வதை ஓரத்தில் குறித்துக்கொள்ள. போன வியாழக்கிழமை, பொன்னாச்சி அளத்தில் நிற்கும் இடத்தில் நிறுத்தி, வெளுக்கிற அம்மாவுக்கு ஒரு மகள் இருந்தாள், அவள் பெயர் ராக்கு என்று சொன்னார். அந்த வெளுக்கிற அம்மாவின் பெயர் இன்னும் ஞாபகம் வரவில்லையாம். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'ராக்கு' என்று எழுதி வைத்திருக்கிறேன்.